பாடசாலை திறந்தது, கடமை தீர்ந்ததா?

பாடசாலையை மூடுவதற்குச் சர்க்காரின் ஓர் உத்தரவு போதும்; அதைத் திறப்பதற்கும் ஓர் உத்தரவு போதும் என்றே நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். கதவைப் பொறுத்தமட்டில் அது உண்மையே. ஆனால் பாடசாலை என்பது உபாத்தியாயரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் முகம் பார்த்து, நாள் தவறாமல் செய்துவரும் ஒரு தொழில். அத்தொழில் நடுவே அறுந்துபோனால் அதை மறுபடி முடிந்து சேர்ப்பது உத்தரவினால் ஆகும் காரியமன்று. கொரோனா நோயினால் மூடப்பட்ட பாடசாலைகள் திறக்கப்பட்டுச் சில வருஷங்கள் சென்றுவிட்டன. அது முடிந்துபோன பழங்கதை என்று கருதுவோர் பலர். அது முடியவில்லை என்பதையும், முடித்துவைப்பது நம் கையில் இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நடந்தது என்ன?

2020 மார்ச்சு மாதத்தில் இந்தியா முழுவதும் பாடசாலைகள் அடைபட்டன. அம்மாதம் 25-ஆம் தேதி முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் ஸ்தாபனமாகிய யுனிசெப் கூறும் கணக்குப்படி, ஆரம்பப் பாடசாலைகளிலும் உயர்தரப் பாடசாலைகளிலும் பதிவு பெற்றிருந்த 24 கோடியே 70 லட்சம் இந்தியப் பிள்ளைகளின் படிப்பு இதனால் தடைப்பட்டது. யுத்தகாலத்திலுங்கூட இத்தனை பிள்ளைகள் ஒரே சமயத்தில் பலகையை விட்டு எழுந்ததாக நம் தேச சரித்திரத்தில் இல்லை.

புதுச்சேரியில் நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லுவோம். மேல் வகுப்புகள் 2020 அக்டோபரில் ஒருவாறு கூடின. 2021 ஜனவரியில் சிறு வகுப்புகளுக்கும் வாயில் திறந்தது. இரண்டாவது அலை எழுந்த மார்ச்சு மாதத்தில் அது மறுபடி அடைபட்டது. பின்னர் 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் கூடின. சிறு பிள்ளைகளோ இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் அவர்களுக்குத் திறப்பதாகச் செய்த ஏற்பாட்டைப் பெருமழை கெடுத்தது. டிசம்பரில் அரைநாள் வகுப்பாக ஆரம்பித்த படிப்பை 2022 ஜனவரியில் மூன்றாவது அலை நிறுத்திற்று. பிப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகே பாடசாலைகள் நிலைபெற்றன. ஆக, 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு குழந்தை, அகர முதலிய எழுத்துக்களைக் கற்க வேண்டிய இரண்டு வருஷங்களில், உபாத்தியாயரின் எதிரே உட்கார்ந்திருந்த காலத்தை வாரங்களாகவே எண்ணிவிடலாம்.

கருவடிக்குப்பமும் அதைப் போன்ற பேட்டைகளும்

புதுவை நகரின் வடபால் உள்ள கருவடிக்குப்பத்தைத் தமிழன்பர்கள் அறிவார்கள். சித்தானந்த சுவாமி கோயிலும் அதை அடுத்த குயில்தோப்பும் அங்கேயே உள்ளன. 1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் உலாவிய இடமென்று அத்தோப்பு போற்றப்படுகிறது. அவரை ஆசானாகக் கொண்ட பாரதிதாசனார் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிரெஞ்சு ஆட்சியின் பாடசாலைகளில் தமிழ் உபாத்தியாயராகவே கழித்தவர். இப்படிப்பட்ட ஊரிலே தமிழ்ப் பிள்ளை ஒன்று தமிழெழுத்தைக் கூட்டி வாசிக்க இயலாமல் ஐந்தாம் வகுப்பை எட்டுவதென்றால், அதைவிட வெட்கப்படத்தக்கது வேறு யாது?

நகரத்தின் ஓரத்துப் பேட்டைகளில் குடும்பங்களின் நிலைமை யாவரும் அறிந்ததே. கட்டட வேலை, கூலி வேலை, வீட்டு வேலை, சிறு வியாபாரம் ஆகியவற்றை நம்பி வாழ்வோர் இங்கே மிகுதி. ஆன்லைன் வகுப்பு என்று சர்க்காரும் பாடசாலை நிர்வாகங்களும் ஏற்பாடு செய்தபோது, அதற்கு ஒரு செல்போன் வேண்டும், அதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும், இருக்க ஓர் அமைதியான மூலை வேண்டும், ஐயம் தோன்றினால் சொல்லிக்கொடுக்கப் படித்த ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்ற நான்கு நிபந்தனைகளும் அதனுள்ளே மறைந்திருந்தன. வீட்டில் இருப்பதோ ஒரே போன். அதுவும் காலையில் தகப்பனாரோடு வேலைக்குப் போய் இரவிலேதான் திரும்பும். பிள்ளைகள் மூவர் இருந்தால் பாடம் எவருக்கு?

இது வெறும் அநுமானமன்று. பொருளாதார அறிஞர்களான ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் முன்னின்று நடத்திய விசாரணையொன்று 2021 செப்டம்பரில் வெளியாயிற்று. 15 மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,400 பிள்ளைகளை அவர்கள் விசாரித்தார்கள். கிராமப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். நகரப் பிள்ளைகளில் 24 பேர். கிராமப் பிள்ளைகளில் 37 பேர் அறவே படிக்கவில்லை. நகரத்திலுங்கூட நான்கில் ஒரு பிள்ளைக்கே எட்டிய ஒரு கல்வியைத் தேசத்தின் கல்வி என்று அழைப்பது, பந்தியில் நால்வரை உட்கார்த்தி ஒருவருக்கு மட்டும் பரிமாறிவிட்டு விருந்து நடந்ததென்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பந்தி என்று சொன்னது உவமைக்காக மட்டுமன்று. பாடசாலை மூடியபோது பல பிள்ளைகளுக்கு மதியச் சோறும் நின்றது. புதுவையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் வழக்கம் பிரெஞ்சு நிர்வாகத்தின் காலத்திலேயே, 1930-ஆம் வருஷத்தில், தொடங்கியது. தொண்ணூறு வருஷத்து வழக்கம் அது. உணவுக்குப் பதிலாகத் தானியமும் பணமும் கொடுக்க ஏற்பாடுகள் செய்யப்பட்டன என்பது மெய்யே. ஆயினும் இலையில் இட்ட சூடான சோறு பிள்ளையின் வயிற்றுக்கே போகும்; வீட்டுக்கு வரும் அரிசியும் பணமும் வீட்டின் எல்லாக் கஷ்டங்களுக்கும் பங்கிடப்படும்.

திரும்புவதற்குச் செய்த ஆயத்தங்கள்

பிள்ளைகளைத் திரும்ப அழைப்பதற்கு முன் எத்தனையோ ஆயத்தங்கள் நடந்தன. மத்திய கல்வி மந்திரி காரியாலயம் 2020 அக்டோபரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, வகுப்பறைகளைக் கழுவிச் சுத்தம் செய்தல், பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஆறடி இடைவெளி, முகக்கவசம், கை கழுவ நீர் வசதி, பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் ஆகியவை கட்டாயமாயின. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறைகளில் ஒட்டடை அடித்துத் தண்ணீர்த் தொட்டிகளைத் துலக்கினார்கள். பலகைகளில் குறியிட்டார்கள். உபாத்தியாயர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். வகுப்புகளை மாற்று நாட்களில் பிரித்து வைத்தார்கள். இவையெல்லாம் தேவையான காரியங்களே; இவற்றைச் செய்த உபாத்தியாயர்களும் ஊழியர்களும் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால் இவ்வாயத்தங்கள் அனைத்தும் பிள்ளையின் உடலைப் பாடசாலைக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கானவை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் படிப்பு எங்கே நின்றுபோயிற்று, அதை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு உரிய ஆயத்தம் வெகு சில இடங்களிலேயே நடந்தது. நோயைப் பரிசோதிக்க வாயிலில் கருவி வைத்தோம். படிப்பைப் பரிசோதிக்க என்ன வைத்தோம்?

படிப்பின் சேதம் சிறிதன்று. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் 5 மாகாணங்களின் 44 ஜில்லாக்களில், 1,137 சர்க்கார் பாடசாலைகளைச் சேர்ந்த 16,067 பிள்ளைகளைப் பரீட்சித்து 2021 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு முதல் ஆறு வரையுள்ள வகுப்புகளில், நூற்றுக்கு 92 பிள்ளைகள் முந்தைய வருஷம் தமக்கிருந்த மொழித்திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தார்கள். 82 பிள்ளைகள் கணக்குத் திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தார்கள். வகுப்பு நடக்காததால் புதிதாகக் கற்கவில்லை என்பது ஒரு நஷ்டம். கற்றதும் கைநழுவியது என்பது மற்றொரு நஷ்டம். மேல்வகுப்புக்கு ஏற்றிவிடப்பட்ட பிள்ளைக்கோ இரண்டு நஷ்டங்களும் சேர்ந்து, முன்னே இருக்கும் புத்தகம் அந்நிய பாஷையைப் போல் ஆயிற்று.

ஆறு மாதத்தில் நடந்த காரியம்

இனி, மனந்தளராதிருக்கக் காரணம் கூறுவோம். புதுவைக்கு அடுத்த விழுப்புரம் ஜில்லாவில், மரக்காணத்துக்கு அருகிலுள்ள முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசாங்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. மாலை நேரத்தில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர், தம் தெருவின் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தருவது. இதுவே அதன் சாரம். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்மணிகள். மாடமாளிகை கட்டவில்லை, திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் போதுமானவையாயின.

அதன் பலன் யாது? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில் பரீட்சித்தபோது, 2019-இல் அதே கிராமங்களில் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட இப்பிள்ளைகள் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் அதில் ஏறக்குறையப் பாதியளவு பின்தங்கியிருந்தார்கள். பாடசாலை திறந்து ஆறு மாதங்கள் ஆனபின் மறுபடி பார்க்கையில், அந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அம்மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கணக்கு.

இதன் பொருளை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் விளைந்த சேதத்தின் பெரும்பகுதியை ஆறே மாதத்தில் துடைக்க முடிந்தது. பிள்ளைகளின் மூளை மந்தமாகிவிட்டது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லித் திரிந்தோரின் வாதம் இதனால் தவிடுபொடியாயிற்று. பாடசாலை ஒழுங்காக நடந்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடமும் தொடங்குமானால் எந்தப் பிள்ளையும் தேறும்.

பழைய நிலையே போதுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். “மீட்சிதான் நடந்துவிட்டதே, இனி என்ன குறை?” என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் காட்டும் சாட்சி ‘அசர்’ என்னும் வருடாந்தரக் கல்வி அறிக்கை. கிராமப்புற இந்தியாவில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்கு 27.3, 2022-இல் 20.5; 2024-இல் 27.1. வீழ்ந்தது எழுந்துவிட்டது என்பது இதன் தோற்றம்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். 2024-இல் மூன்றாம் வகுப்பிலிருந்த பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்தது 2022-இல். அதாவது பாடசாலைகள் திறந்த பிறகு. பாடசாலை மூடியிருந்தபோது முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை 2022-இல் மூன்றாம் வகுப்பிலிருந்தது, 20.5 என்ற எண் அதனுடையது. ஆகவே 27.1 என்ற எண்ணைக் காட்டி அந்தப் பிள்ளை தேறிவிட்டதென்று சொல்வது, ஒரு வழக்கின் தீர்ப்பை மற்றொரு வழக்கில் நிறைவேற்றுவதைப் போன்றது. அப்பிள்ளைகள் 2024-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு 48.8. 2018-இன் ஐந்தாம் வகுப்பில் அந்த எண் 50.5. பழைய நிலையை அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய நிலைதான் என்ன? ஐந்து வருஷம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்க இயலாத நிலை! கொரோனாவுக்கு முன்பே நம் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. புயலில் பறந்த ஓடுகளை மட்டும் திரும்ப வைத்துவிட்டு வீடு சீராயிற்று என்று திருப்தி அடையலாமா?

மற்றோர் ஆட்சேபம், “இனி எல்லாம் இயந்திரத்தின் மூலம் கற்கலாம், வகுப்பறை எதற்கு?” என்பது. போனும் தொலைக்காட்சியும் நல்ல உதவியாளர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஊரடங்குக் காலத்தில் ஊழியம் செய்தது. ஆனால் ஆறு வயதுக் குழந்தை எழுத்தை வலமிருந்து சுழித்தால் கையைப் பிடித்துத் திருத்தத் திரைக்குக் கையில்லை. பாடம் புரியாமல் விழிக்கும் முகத்தைக் கண்டுகொள்ள அதற்குக் கண்ணுமில்லை. உபாத்தியாயரின் கருவியாக அது விளங்கட்டும். அவருடைய ஸ்தானத்தைக் கோர அதற்கு உரிமை கிடையாது.

தண்டனை யாருக்கு?

இவ்விஷயத்தை இப்போது எழுப்புவதற்கு விசேஷமான காரணமும் உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்பது 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டத்தின் ஆதி ஏற்பாடு. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சையில் தவறும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சியும், இரண்டு மாதத்துக்குள் மறுபரீட்சையும் அளித்து, அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். இதைக் கைக்கொள்வதும் விடுவதும் மாகாண அரசாங்கங்களின் விருப்பம். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை.

பரீட்சை வேண்டுமா, வேண்டாமா என்ற பெரிய வாதத்துள் நாம் இப்போது புகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். 2020-இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை அடைந்தது சரியாக 2024-25-ஆம் பாடவருஷத்தில். பாடசாலையைச் சர்க்கார் மூடிய காலத்தில் எழுத்தைக் கற்க இயலாமற் போன அதே பிள்ளைகள்தாம் இவ்விதியை முதன்முதலில் எதிர்கொண்டவர்கள். எட்டாம் வகுப்பில் மறுபடியும் எதிர்கொள்ளப் போகிறவர்களும் அவர்களே. கடன் பட்டவர் நாம். ஜப்தி நடவடிக்கை குழந்தையின் மேலா?

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் உபாத்தியாயர் மதிப்பிட்டு, தேவையான அளவு கூடுதலாகச் சொல்லித்தர வேண்டுமென்று விதிக்கிறது. 21-ஆம் பிரிவு, சர்க்கார் பாடசாலைகளிலும் உதவி பெறும் பாடசாலைகளிலும் நிர்வாகக் குழு அமைத்து, அதில் முக்கால் பங்கு பெற்றோர்களாகவும், பாதிப் பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. பிள்ளையைத் தண்டிக்கும் பிரிவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; பெரியோரைக் கட்டுப்படுத்தும் இந்தப் பிரிவுகளைப் பற்றிப் பேசுவார் எத்தனை பேர்?

செய்யவேண்டியவை

குறை கூறி நிறுத்துவது நமது வழக்கமன்று. கருவடிக்குப்பத்திலும் அதுபோன்ற ஒவ்வோர் ஊரிலும், புதிய சட்டமும் பெரும் பொருளும் இல்லாமலே செய்யக்கூடிய காரியங்களை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லியும் ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொல்லியும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் போதும். முடிவைப் பாடசாலை நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் எண்ணிக்கையாக வைக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எவரையும் நாணச் செய்யலாகாது.

இரண்டாவது, நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல், வாசிக்கும் தரவாரியாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். பிரதம் என்னும் ஸ்தாபனம் பல மாகாணங்களில் நடத்திக் காட்டிய முறை இது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை மூன்று நிலையாக வகுத்ததும் இதே கருத்தைக் கொண்டதே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் உட்கார்ந்தால் அவமானமில்லை. அரும்பாமலே எட்டாம் வகுப்புக்குப் போவதுதான் அவமானம்.

மூன்றாவது, மாலை வகுப்பு. 1920-ஆம் வருஷத்து ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தேசத்தொண்டர்கள் கையிற் பொருளில்லாமலே ஊருக்கு ஊர் தேசியப் பாடசாலைகளை எழுப்பினார்கள். அவர்கள் வழிவந்தோம் என்று மேடையில் முழங்குகிற நமது நண்பர்களுக்கு, மாலை ஆறு மணிக்குப் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் தமிழ் வாசிக்கச் சொல்லித்தர அவகாசமில்லையா? கட்சிக் காரியாலயங்கள் பல, தேர்தல் முடிந்ததும் ஐந்து வருஷம் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் வைத்தால் கட்சிக்கும் கௌரவம், ஊருக்கும் உபகாரம்.

நான்காவது, அடுத்த மூடலுக்கு இப்போதே ஆயத்தம். நோய் வராதென்று வைத்துக்கொண்டாலும், புதுவைக்குப் புயல் வராதென்று எவர் ஜாமீன் கொடுப்பார்? 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறியபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, தெருக்கள் ஆறாயின, பாடசாலைகள் அடைபட்டன. பாடசாலை மூடும் நாளிலேயே எந்தத் தெருவின் பிள்ளைகள் எந்தத் திண்ணையில், எவரிடம் படிப்பார்கள் என்ற ஜாபிதா நிர்வாகக் குழுவின் கையில் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு ஓடம் செய்யத் தச்சனைத் தேடுவது விவேகமன்று.

கணக்கு முடியும் நாள்

2020-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், தடையின்றி மேலேறினால், 2029-30-ஆம் பாடவருஷத்தில் பத்தாம் வகுப்பில் இருப்பார்கள். அவ்வருஷத்துப் பொதுப் பரீட்சையின் முடிவு வெளியாகும்போது, தேறாதவர் தொகையைப் பார்த்து, இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரத்தையில்லை என்று பத்திரிகைகள் எழுதும். மேடைகளிற் பலர் வருந்துவார்கள். அப்போது வருந்திப் பயனில்லை. அந்தப் பரீட்சை உண்மையில் அவர்களுக்கு மட்டும் நடக்கும் பரீட்சையன்று. பாடசாலையை மூடி, திறந்து, பின் மறந்துவிட்ட நமக்கும் நடப்பதாகும்.

பாடசாலையின் வாயில் திறந்தாயிற்று. ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்கலாம் என்பதும் நிரூபணமாயிற்று. மீதியை மீட்கப் பணம் இல்லை, வழி தெரியவில்லை என்ற சாக்குகள் இனிச் செல்லா. வேண்டுவது சிரத்தை ஒன்றே. நேயர்கள் இந்த வாரமே தத்தம் ஊர்ப் பாடசாலையின் நிர்வாகக் குழு எப்போது கூடுகிறது என்று விசாரிப்பார்களாக, கூடவில்லையென்றால், கூட்டுவிப்பார்களாக.